வேலையோடு படித்த அரசியல் அறிவியல் முதுகலை: இக்னோவின் எம்.ஏ. படிப்பு குறித்து ஒரு மதிப்பீடு

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரியும் நான், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைக்குப் பற்றாளராக, அதாவது ஒன்றியத்தின் சார்பில் கூட்டத்தைக் கவனிப்பவராகச் சென்றிருந்தேன். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலை ஊராட்சிச் செயலர் வாசித்து முடித்ததும், ஓலைக் கூரை வீட்டில் வாழும் ஒரு மூதாட்டி எழுந்து, "ஏம்மா, இந்தப் பட்டியல யாரும்மா எழுதுனா?" என்று கேட்டார். அவர் சினந்து கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். "மேலேயிருந்து வந்தது, பாட்டி" என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. பதினோர் ஆண்டுப் பணியில் எத்தனையோ பட்டியல்களைத் தட்டச்சு செய்திருந்தும், ஒரு பட்டியல் எப்படிப் பிறக்கிறது, அதில் ஒருவரைச் சேர்ப்பதற்கும் இன்னொருவரை விலக்குவதற்குமான உரிமை அரசுக்கு எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எனக்கு விடை தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது. அடுத்த சேர்க்கைப் பருவத்தில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது நாம் இக்னோ என்று அழைக்கும் நிறுவனத்தின், அரசியல் அறிவியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகளில் முடித்தேன். அரசுப் பணியிலோ தனியார் பணியிலோ இருந்துகொண்டு இந்தப் படிப்பில் சேரலாமா என்று என்னிடம் கேட்கும் நண்பர்கள் பலர் இருப்பதால், நான் கண்ட நிறைகளையும் குறைகளையும் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிப்பின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த பாடத்திட்டத்தில் மொத்தம் 64 கிரெடிட்டுகள். முதலாண்டில் நான்கு கட்டாயத் தாள்கள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். இரண்டாம் ஆண்டில் நாமே தேர்ந்தெடுக்கும் எட்டுத் தாள்கள், ஒவ்வொன்றும் 4 கிரெடிட். குறைந்தது இரண்டு ஆண்டுகளிலும் அதிகம் போனால் நான்கு ஆண்டுகளிலும் முடிக்கலாம். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு என்று பல்கலைக்கழகம் கணக்கு வைத்திருக்கிறது. இந்த ஒரு வரியைப் பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பதால் பெருக்கிக் காட்டுகிறேன்: 64-ஐ 30-ஆல் பெருக்கினால் 1920 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் முடிக்க நினைப்பவர், ஞாயிறும் தீபாவளியும் உட்பட, நாள்தோறும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு இது எளிதன்று. நான் மூன்று ஆண்டுகளாகப் பிரித்துக்கொண்டேன், அதற்காக வருந்தவில்லை. தொலைநிலைக் கல்வி என்றாலே தேர்வுக்கு முந்தைய வாரம் புரட்டினால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது; அந்த எண்ணத்தோடு இதில் சேர்பவர் பட்டத்தை ஒருவேளை பெறலாம், படிப்பைப் பெறமாட்டார்.

முதலாண்டின் நான்கு தாள்கள் அரசியல் கோட்பாடு, பன்னாட்டு உறவுகள், இந்தியாவில் மக்களாட்சியும் வளர்ச்சியும், ஒப்பீட்டு அரசியல் ஆகியவை. இவற்றில் எம்.பி.எஸ். 001 என்ற எண் கொண்ட அரசியல் கோட்பாட்டுத் தாளை நான் மற்ற மூன்றையும் விட உயர்வாக மதிக்கிறேன். உரிமை, சுதந்திரம், சமத்துவம், நீதி, குடியுரிமை, இறையாண்மை, அதிகாரம், அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை, சட்டமறுப்பு, சத்தியாகிரகம் என்று ஒவ்வொரு கருத்தாக எடுத்துக்கொண்டு, அது எப்படி உருவானது, அதற்குள் என்னென்ன சச்சரவுகள் இருக்கின்றன என்று சொல்லிச் செல்கிறது. பிறகு தாராளவாதம், மார்க்சியம், பழமைவாதம், பெண்ணியம், காந்தியம் போன்ற கொள்கை மரபுகளுக்கு வருகிறது. நான் வணிகவியல் இளங்கலை படித்தவள். இந்தச் சொற்களை மேடைப் பேச்சுகளிலும் செய்தித்தாளிலும் கேட்டிருந்தேனே தவிர, சமத்துவம் என்ற ஒரே சொல்லுக்குள் வாய்ப்பில் சமத்துவம் ஒன்றாகவும் விளைவில் சமத்துவம் வேறொன்றாகவும் இருந்து, ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பதை அதற்கு முன் நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டுப் பட்டியலில் இடம் பெறுவதற்குத் தேவை அளவுகோலா, தகுதி அளவுகோலா, முன்பு நேர்ந்த அநீதி அளவுகோலா என்று கேட்கத் தொடங்கினால், அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-ல் முன்வைத்த நீதிக் கோட்பாடு தொலைவில் இருக்கும் ஒரு மேலைநாட்டு விவாதமாகத் தோன்றுவதில்லை. சமூகத்தில் மிகக் கீழே இருப்பவருக்கு நன்மை பயக்கும்போதுதான் ஏற்றத்தாழ்வை ஏற்கலாம் என்ற அவருடைய வாதத்தைப் படித்த இரவில், என் மேசையில் இருந்த பயனாளிகள் கோப்பை வேறு கண்ணால் பார்த்தேன்.

எம்.பி.எஸ். 003 எனப்படும் இந்திய மக்களாட்சித் தாள் எனக்கு அன்றாடப் பயனை அதிகம் தந்தது. சட்டமன்றம், நீதித்துறை, அதிகார வர்க்கம், கூட்டாட்சி, கட்சிகள், சாதியும் வர்க்கமும், வட்டார ஏற்றத்தாழ்வு, சமூக இயக்கங்கள் என்று பரந்து விரியும் இந்தத் தாளைத் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் தம் சொந்த அறிவையும் கூட வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. கூட்டாட்சிப் பகுதியைப் படிக்கும்போது, ஒன்றிய, மாநில உறவுகளை ஆராய 1969-ல் தமிழ்நாடு அரசு அமைத்து 1971-ல் அறிக்கை தந்த இராஜமன்னார் குழுவையும், அதே பொருளை ஆராய 1983-ல் ஒன்றிய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையத்தையும், மாநில அரசுகளைக் கலைக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட 1994-ஆம் ஆண்டின் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். பாடநூல் எதுவும் நாட்டு நடப்பின் வேகத்தோடு ஓட முடியாது. ஆகவே திட்டக் குழு மறைந்து 2015-ல் நிதி ஆயோக் வந்தது, 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு இடஒதுக்கீடு தந்த 2019-ஆம் ஆண்டின் 103-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாநில சுயாட்சி பற்றி ஆராய 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு அமைத்த குழு போன்றவற்றை மாணவரே தம் குறிப்பில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாடத்தை நாளிதழோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்த வேலையால்தான் வந்தது.

பன்னாட்டு உறவுகள் தாளும் ஒப்பீட்டு அரசியல் தாளும் தரமானவைதாம். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு அவை இன்னும் கூடுதலாகப் பயன்படும். எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு ஏற்படவில்லை என்பதால் மேலே சொல்ல ஏதுமில்லை.

இனி மொழிக்கு வருகிறேன், ஏனெனில் சேர விரும்பும் தமிழ் மாணவர் முதலில் தடுமாறும் இடம் இதுதான். இந்தப் படிப்பின் பாடநூல்களும் தேர்வும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளன. தமிழ்வழியில் பள்ளியும் கல்லூரியும் முடித்த ஒருவர் திடீரென்று அரசியல் கோட்பாட்டை ஆங்கிலத்தில் படிக்கும்போது, கருத்து கடினமா, மொழி கடினமா என்று பிரித்தறியவே சில மாதங்கள் ஆகின்றன. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில் ஒரு தேசியப் பல்கலைக்கழகம் தன் அரசியல் அறிவியல் முதுகலையை வழங்காதிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆட்சி என்பது மக்களோடு அவர்கள் மொழியில் நடக்க வேண்டியது. அந்த ஆட்சியைப் பற்றிய மேற்படிப்பு மட்டும் வேறு மொழியில் நிகழ்வது எப்படிப் பொருந்தும்?

நான் கண்ட வழி ஒரு சொற்குறிப்பேடு. ஒவ்வோர் இயலிலும் வரும் முதன்மையான கலைச்சொல்லை எழுதி, அதற்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி, அச்சொல் போதுமா என்று இரண்டு வரி எழுதினேன். இந்த வேலை நான் எதிர்பார்த்ததை விட அதிகம் கற்றுத் தந்தது. எடுத்துக்காட்டாக, பவர் என்பதற்கும் அத்தாரிட்டி என்பதற்கும் நாம் அதிகாரம் என்ற ஒரே சொல்லை வழங்குகிறோம். ஆனால் பிறரைத் தன் விருப்பப்படி நடக்க வைக்கும் வலிமை வேறு. அப்படி நடக்கச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று பிறர் ஏற்றுக்கொண்ட நிலை வேறு. பின்னதற்கு ஆணையுரிமை என்று எழுதிக்கொண்டேன். அதன் பிறகுதான் கந்துவட்டிக்காரரின் மிரட்டலுக்கும் வட்டாட்சியரின் உத்தரவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோட்பாடாகச் சொல்ல முடிந்தது. மாறாகத் தமிழ் வளமாக இருந்த இடங்களும் உண்டு. நீதி, நியாயம் என்று இரண்டு சொற்கள் நம்மிடம் இருப்பதால், நியாயத்தை அடிப்படையாகக் கொண்ட நீதி என்ற ரால்ஸின் கருத்தைத் தமிழில் தெளிவாகவே சொல்ல முடிகிறது. சமூகத்தில் மதிப்புடையவற்றை ஆணையுரிமையோடு பங்கிட்டுத் தருவதே அரசியல் என்று அரசியல் அறிஞர் டேவிட் ஈஸ்டன் வகுத்த இலக்கணத்தைப் படித்தபோது, குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசின் வேலைகளாக இயற்றல், ஈட்டல், காத்தல் ஆகியவற்றோடு வகுத்தலையும் நான்காவதாக வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. வகுத்தல் என்ற அந்த ஒரு சொல், ஈஸ்டனைப் பற்றிய பல பக்கங்களை என் மனத்தில் நிலைநிறுத்தியது. ஆங்கிலத்தில் தேர்வு எழுதப்போகிறவரும் தமிழில் சிந்தித்துவிட்டு எழுதினால் விடை தெளிவாக அமையும் என்று என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் ஆண்டின் விருப்பத் தாள்களைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. சேர்க்கை விண்ணப்பத்தில் கைக்கு எட்டியதைக் குறித்துவிட்டுப் பின்னர் வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் சமூக இயக்கங்களும் அரசியலும், இந்தியாவில் மாநில அரசியல், நவீன இந்தியாவின் சமூக அரசியல் சிந்தனை, பிளேட்டோ முதல் மார்க்ஸ் வரையிலான மேலை அரசியல் சிந்தனை, அமைதியும் மோதலும் பற்றிய படிப்பு உள்ளிட்டவற்றை நான் எடுத்தேன். இவற்றில் மாநில அரசியல் தாள் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவருக்குத் தவறவிடக் கூடாத ஒன்று. இந்திய அரசியல் என்றால் தில்லியில் நடப்பது என்ற பார்வையை அது முதலிலேயே கலைத்துவிடுகிறது.

நவீன இந்தியச் சிந்தனைத் தாளைப் பற்றி மட்டும் மனக்குறையோடு எழுத வேண்டியிருக்கிறது. பூலே, காந்தி, அம்பேத்கர், நேரு, தாகூர், லோகியா, எம்.என். ராய், ஈ.எம்.எஸ். என்று பல சிந்தனையாளர்களை அறிமுகப்படுத்தும் இந்தத் தாளில், பெரியாருக்குத் தனி இயல் இல்லை. தேசமும் அடையாளமும் என்ற தலைப்பின் கீழ் வேறு நால்வரோடு சேர்த்து ஒரே இயலில் அவரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அயோத்திதாசருக்கும் தனி இயல் கிடையாது. 1916-ல் தோன்றிய நீதிக்கட்சி, 1920-களின் வகுப்புவாரி அரசாணைகள், 1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், 1951-ஆம் ஆண்டின் முதல் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வழிவகுத்த சென்னை மாகாண இடஒதுக்கீட்டு வழக்கு, 1994-ல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் என்று தொடரும் ஒரு சிந்தனை மரபு, இந்திய அரசியலமைப்பையே திருத்த வைத்த மரபு, சில பக்கங்களில் அடங்குவதன்று. பாடநூல் எழுதியவர்களின் அறிவையோ நேர்மையையோ நான் ஐயுறவில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுச் சமூக வரலாறு இவ்வளவு சுருங்கும்போது, அதைப் படித்துவிட்டு நாளை ஆசிரியராகவோ அதிகாரியாகவோ ஆகும் வடமாநில மாணவருக்குத் தமிழ்நாடு எப்படிப் புரியும் என்ற கவலை எழுகிறது. இந்த இடத்தை நூலகத்தின் துணையோடு நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் இங்கே மட்டும் பாடத்திட்டம் கேட்பதைப் போல மூன்று மடங்கு நேரம் செலவிட்டேன்.

இலத்தீன் அமெரிக்காவைப் பற்றிய தாளைத் தொடக்கத்தில் வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தேன். வேறு தாள்களின் தேர்வு நாள்கள் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அது இட்டுச் சென்ற வழியில் தேடிப் படித்தபோது, பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் தன் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதியை மக்கள் கூட்டங்களில் விவாதித்து முடிவு செய்த வரலாற்றை அறிந்தேன். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, இன்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடத்தும் நமக்கு, அந்த நகரத்தின் அனுபவத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு கிராம சபை முடிந்துவிடுவதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் எவ்வளவு என்று மக்களே பேசித் தீர்த்த ஊர் ஒன்று இருந்தது என்பதே ஊக்கம் தந்தது.

பொதுக் கொள்கையை மனத்தில் வைத்து இதில் சேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொள்கை உருவாக்கம் பற்றிய பகுதிகள் அங்கங்கே வருகின்றனவே தவிர, முதலாண்டின் கட்டாயத் தாள்களில் பொதுக் கொள்கைக்கென்று முழுத் தாள் இல்லை. புள்ளியியலுக்கும் அவற்றில் இடமில்லை. ஒரு திட்டத்தின் பயனை எண்களால் அளந்து காட்டும் திறன் வேண்டுவோர், பெங்களூரின் தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் 2014 முதல் நடத்திவரும் பொதுக் கொள்கை முதுகலை போன்ற நேரடிப் படிப்புகளை நாடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டு, பெருந்தொகை கட்டிப் படிக்கக்கூடியவர்களுக்கே அது இயலும்.

நான் மேற்கொண்ட மாற்று வழி செலவில்லாதது. இக்னோவின் பொது நிர்வாக முதுகலையில் எம்.பி.ஏ. (MPA) 015 என்ற எண்ணில் பொதுக் கொள்கையும் பகுப்பாய்வும் என்ற தாள் இருக்கிறது. இது வணிக மேலாண்மைப் பட்டம் என்று எண்ண வேண்டாம். பொது நிர்வாகத் தாள்களின் குறியீட்டெழுத்துகள் அப்படி அமைந்திருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷ் தளத்தில் ஏறத்தாழ எல்லாப் பாடநூல்களும் யாரும் இலவசமாகப் பதிவிறக்கும்படி வைக்கப்பட்டிருப்பதால், என் பாடத்திட்டத்தில் இல்லாத அந்தத் தாளையும் முழுமையாகப் படித்தேன். பிரச்சினை எப்படிக் கவனத்துக்கு வருகிறது, கொள்கை எப்படி வகுக்கப்படுகிறது, செயல்படுத்தும்போது என்ன ஆகிறது, பிறகு எப்படி மதிப்பிடுவது என்ற சுழற்சியை அது விளக்குகிறது. அரசுகள் எல்லாவற்றையும் ஆராய்ந்து மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை, நேற்றைய முடிவில் சிறு சிறு திருத்தங்கள் செய்தே நகர்கின்றன என்று அமெரிக்க அரசியல் அறிஞர் சார்லஸ் லிண்ட்புளோம் 1959-ல் சொன்ன கருத்தை, நான் என் அலுவலகத்தில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதுதான் தெரியாமல் இருந்தது. திட்டத்தைக் கடைசியில் மக்களிடம் கொண்டுசேர்க்கும் எழுத்தர், காவலர், ஆசிரியர் போன்றோர் எடுக்கும் சிறு முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகின்றன என்று இன்னோர் அமெரிக்க அறிஞரான மைக்கேல் லிப்ஸ்கி 1980-ல் வைத்த வாதத்தைத் தேடிப் படித்தபோது, என் வேலையின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பது புரிந்தது.

மூதாட்டியின் கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. 1985-ல் தொடங்கி 1996-ல் தனித் திட்டமான இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டத்தில் வறுமைக்கோட்டுப் பட்டியலிலிருந்து கிராம சபை பயனாளிகளைத் தேர்ந்தெடுத்தது. 2016-ல் அது பிரதமர் வீடு கட்டும் திட்டமாக மாறியபோது, 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு அடிப்படையானது. வீடற்றவர்களும் மண், ஓலை போன்றவற்றாலான கச்சா வீட்டில் வாழ்பவர்களும் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டு, பிறகு மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி, குளிர்சாதனப் பெட்டி போன்ற சில உடைமைகள் இருந்தால் நீக்கப்பட்டனர். பட்டியலை எழுதியவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. கணக்கெடுப்புக்கு வந்தவர் அன்று பார்த்ததும், தில்லியில் வகுத்த விலக்கு விதியும், கிராம சபையில் யாரும் எழுந்து மறுக்காததும் சேர்ந்து அதை எழுதின. ஏழைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் தகுதியுள்ளவர் விடுபடுவதும் தகுதியில்லாதவர் நுழைவதும் நேரும் என்பதும், முதல் பிழையைக் குறைக்க முனைந்தால் இரண்டாவது கூடும் என்பதும் கொள்கைப் படிப்பின் அடிப்படைப் பாடங்கள். 1997-ல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு அனைவருக்கும் பொதுவான விநியோகத்தைத் தொடர்ந்ததன் பொருளும் இதைப் படித்த பிறகு தெளிவாயிற்று. ரேஷன் கடையில் நம்மூர்ப் பாட்டிகள் யாரும் "பட்டியல யாரு எழுதுனா" என்று கேட்க வேண்டிய நிலை வரவில்லை.

தேர்வு முறையைப் பற்றிச் சில சொற்கள். மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வீட்டில் எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு, 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கு. ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் தேர்வு எழுதலாம். முதலாண்டுத் தாள்களில் மூன்று மணி நேரத்தில் ஐந்து வினாக்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 சொற்களில் விடையளிக்க வேண்டும். கணினியிலேயே எழுதிப் பழகிவிட்ட என் போன்றவர்களுக்கு 2500 சொற்களைக் கையால் எழுதுவதே பெரும் பயிற்சியை வேண்டுவது. முதல் தேர்வில் நான்காவது விடையின் நடுவில் விரல்கள் மரத்துப் போயின. அதன் பிறகு வாரந்தோறும் ஒரு விடையைக் கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகினேன்.

அசைன்மென்ட் என்று எல்லோரும் அழைக்கும் ஒப்படைப்புகளும் கையால் எழுதப்பட வேண்டியவை. பன்னிரண்டு தாள்களுக்குப் பன்னிரண்டு. பாடநூல்கள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும்போது கட்டணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இந்தப் பன்னிரண்டு கட்டுகளைத்தான் நான் காட்டுவேன். படித்தது புரிந்ததா என்று எழுதும்போதே தெரிகிறது. எழுத வேண்டிய கட்டாயமும் தேதியும் இல்லாமல் நாமாக உட்கார்ந்து எழுதமாட்டோம். அந்தக் கட்டாயத்துக்காகவே கட்டணத்தை மனமார்ந்து கட்டினேன். ஆகவேதான் கடைகளில் ஆயத்தமாக விற்கும் ஒப்படைப்பு விடைகளை வாங்கி அப்படியே படியெடுப்பது, கொடுத்த பணத்தைத் தாமே கிழித்துப் போடுவதற்கு ஒப்பானது என்று நினைக்கிறேன். முதலாண்டில் நானும் தேர்வுக்கென ஒரு வினா-விடைக் கையேட்டை வாங்கினேன். அரசின் நெறிமுறைக் கோட்பாடுகளையும் அடிப்படைக் கடமைகளையும் குழப்பி அச்சிட்டிருந்த அந்தக் கையேட்டை நம்பி ஒரு விடையை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அரசியலமைப்பைப் புரட்டியபோது மனம் உடைந்தேன். பல்கலைக்கழகத் தளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றையும் பாடநூலையும் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஒப்படைப்பைச் சமர்ப்பித்ததற்கான ஒப்புகையை மட்டும் பட்டம் கைக்கு வரும் வரை பத்திரமாக வைத்திருங்கள். இது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் என்பதை அலுவலகத்தில் இருப்பவளாகச் சொல்கிறேன்.

கற்றல் மையத்தின் கலந்தாய்வு வகுப்புகளுக்கு வருகை கட்டாயமில்லை என்பதால் பலர் போவதில்லை. எனக்கு வாய்த்த ஆசிரியர் ஓய்வு பெற்ற பேராசிரியர். நான்கைந்து பேருக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, இறையாண்மையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி இரண்டு மணி நேரம் பேசினார். "பாடத்தை ஒப்பிக்காதேம்மா, உங்க ஊர் ஊராட்சித் தலைவரை வச்சு யோசி" என்று அவர் சொன்னதைக் கடைசித் தேர்வு வரை பின்பற்றினேன்.

பட்டத்தின் மதிப்பைப் பொறுத்தவரை, உரிய ஏற்பு பெற்ற தொலைநிலைப் பட்டங்களும் நேரடிப் பட்டங்களுக்கு நிகரானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. தேர்ச்சிக்கு 40 விழுக்காடு போதும். ஆனால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு எழுத எண்ணுபவர்கள் பொதுப் பிரிவில் 55, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளில் 50 விழுக்காடு பெற வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

படிப்பு முடிந்த பின் வந்த ஒரு மே முதல் நாள் கிராம சபையில், வீட்டுத் திட்டப் பட்டியல் உருவான வரலாற்றையும், விடுபட்டவர் எங்கே எப்படி முறையிடலாம் என்பதையும் ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி வாசித்தேன். அதே மூதாட்டி முன்வரிசையில் இருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "அன்னைக்கு எனக்கே தெரியாது, பாட்டி" என்றேன். அந்தப் பக்கத்தை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் சேரலாம். பணம் கட்டுவதற்கு முன் இ-ஞானகோஷ் தளத்திலிருந்து எம்.பி.எஸ். 003-இன் கூட்டாட்சி இயலைப் பதிவிறக்கி, இரண்டு மாலைப் பொழுதுகளில் படித்து, அதைப் பற்றி 500 சொற்கள் கையால் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்த பின் அடுத்த இயலைத் திறக்கத் தோன்றினால் தயங்காமல் சேருங்கள். தோன்றாவிட்டால் அந்தக் கட்டணத்தை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.